வளாகத்தைப் பசுமையாக நடத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுதிகள் உள்ள தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பெரிய கல்லூரிகளையும் மனதில் வைத்து எழுதியது இது. மாணவர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஆசிரியர்கள், கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் எஸ்டேட் பிரிவில் இருப்பவர்கள் என்று பல தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

எங்கள் வளாகத்தில் பசுமைக் குழு தொடங்கியிருக்கிறோம். முதல் வேலையாக எதைச் செய்யலாம்?

கணக்கு எடுங்கள். மரக்கன்று, பேரணி, ஓவியப் போட்டி எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எஸ்டேட் அலுவலகத்தில் போன 12 மாத மின்கட்டண ரசீதுகள் இருக்கும். மாதம் எத்தனை சிலிண்டர் இறங்குகிறது என்பது மெஸ் பதிவேட்டில் இருக்கும். கோடையில் எத்தனை தண்ணீர் லாரி உள்ளே வந்தது என்பதை வாயிற்காவலரின் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். குப்பைக்கு மட்டும் பெரும்பாலும் எந்தப் பதிவும் இருக்காது. ஒரு வாரம் தராசு வைத்து எடை போட்டால்தான் தெரியும்.

பல வளாகங்களில் உயரழுத்த மின் இணைப்புக்கு ஒரே ஒரு மீட்டர்தான். மாதக் கடைசியில் ஒரு பெரிய தொகை வரும், கட்டிவிடுவார்கள். அதில் நூலகம் எவ்வளவு, கணினி ஆய்வகம் எவ்வளவு, விடுதிகள் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கட்டடத்துக்கு ஒன்றாகத் துணை மீட்டர் பொருத்தச் சொல்லுங்கள். நானாக இருந்தால் குழுவின் முதல் கோரிக்கையாக இதைத்தான் வைப்பேன். தண்ணீர்க் குழாய்களுக்கும் அப்படியே.

கணக்கெடுக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். இளநிலைப் பட்டப் படிப்பு எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாக வந்தது அது. அந்தத் தாளுக்கான களப்பணியை எங்கோ ஒரு சுற்றுலாத் தலத்துக்குப் போய்வந்து எழுதுவதற்குப் பதில், சொந்த விடுதியின் தண்ணீரையும் குப்பையையும் அளக்க வைத்தால் பாடமும் நடக்கும், கணக்கும் கிடைக்கும்.

அப்படியானால் மரம் நட வேண்டாமா?

நடலாம். எங்கே, எதை என்று பார்த்து நட வேண்டும். முதலில், ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுங்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகம் 365 ஏக்கர். கல்லூரி 1937-ல் அங்கே இடம்பெயர்ந்தது. அந்த வளாகத்தின் பெருமையே அங்கே நிற்கும் புதர்க்காடுதான். கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959-ல் எழுந்த சென்னை ஐ.ஐ.டி.யில் புள்ளிமான்களோடு வெளிமான்களும் வாழ்கின்றன. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. புல்தரை சும்மா கிடக்கிறதே என்று அதில் நெருக்கமாக மரம் நட்டால், அந்த விலங்கின் வீட்டை நாமே எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். காரை, களா, சூரை, சங்கஞ்செடி மண்டிய இடத்தைப் பார்த்து 'முள்ளும் புதருமாக இருக்கிறது, சுத்தம் பண்ணுங்கள்' என்று பொக்லைன் வரவழைக்கும் வழக்கம் பல வளாகங்களில் இருக்கிறது. அதைப் போல வலிக்கும் காட்சி எனக்கு வேறில்லை. கீரி, உடும்பு, கௌதாரி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அந்தப் புதரை நம்பி இருப்பவை. சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் அது வேறு கதை. அதை வேரோடு எடுக்கலாம்.

நடுவதென்றால் அந்த மண்ணுக்குரிய மரங்களாகப் பாருங்கள். புங்கன், வேம்பு, இலுப்பை, நாவல், மருது, பூவரசு, ஆல், அரசு என்று நம்மிடம் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, சீக்கிரம் நிழல் தரும் என்று நட்டு வளர்த்த வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வேர் ஆழமாகப் போகாத மரத்தைச் சாலையோரம் நட்டு, சுற்றிலும் சிமென்ட் பூசினால் வேறென்ன நடக்கும்? நாட்டு மரமே ஆனாலும் அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்காவது மண் தெரிய விட வேண்டும்.

இன்னொன்று: ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்றைக்கு நடுகிறோம். நம் ஊரில் அது வெயில் தணியாத காலம், மாணவர்களும் விடுமுறையில் இருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம், அதாவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் நட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மெஸ்ஸில் தினமும் இவ்வளவு சாப்பாடு வீணாகிறதே, எப்படிக் குறைப்பது?

வளாகத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் இடம் மெஸ். இங்கே வீணாவது இரண்டு வகை. அண்டாவில் மீந்து போவது ஒன்று, தட்டில் மீந்து போவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதனால் தனித்தனியாக எடை போடுங்கள்.

அண்டாவில் மீந்தால், சமைக்கும் அளவைத் தீர்மானிப்பவருக்குத் தலை எண்ணிக்கை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மாலை பாதி விடுதி ஊருக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலையில்தான் திரும்பி வருவார்கள். சமையல் மட்டும் முழு எண்ணிக்கைக்கு நடக்கும். ஊருக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மதியத்துக்குள் பெயர் கொடுத்தால் அந்த நாட்களுக்கு மெஸ் கட்டணம் கழியும் என்று ஒரு விதி போட்டுப் பாருங்கள். பெயர் தானாக வந்து சேரும். கட்டணம் கழியாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அது மனித இயல்பு. ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிரந்தரத் தொகை போகும் வளாகங்களில், இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

தட்டில் மீந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கரண்டி பெரிதா? பரிமாறுகிறவர் வரிசை நகர வேண்டுமே என்ற அவசரத்தில் இரண்டு கரண்டி போட்டுவிடுகிறாரா? அல்லது அந்தக் கூட்டோ உப்புமாவோ சாப்பிடும்படி இல்லையா? மூன்றாவதுதான் பல நாட்களில் உண்மையான காரணம். எந்த நாள், எந்த உணவு அதிகம் கொட்டப்படுகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்தால், பட்டியலை மாற்றுவது எளிது.

அபராதம் போடலாமா என்று காப்பாளர்கள் கேட்பார்கள். வேண்டாம். பசியோடு வந்த பிள்ளை பயந்துகொண்டு குறைவாக வாங்கும், பிறகு ராத்திரி பத்து மணிக்கு வெளியே போய் பரோட்டா சாப்பிடும். தட்டு வைக்கும் இடத்தில் நேற்றைய எடையை ஒரு பலகையில் எழுதி வைத்தாலே போதும். அதில் தண்ணீர்க் கணக்கையும் சேர்க்கலாம். உலகச் சராசரிப்படி ஒரு கிலோ அரிசி விளைய ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. காவிரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மாநிலத்தில் இந்த எண் ஒவ்வொரு விடுதியிலும் தெரிந்திருக்க வேண்டும்.

மீந்ததையும் காய்கறிக் கழிவையும் என்ன செய்வது? பயோகாஸ் கலன் நல்லதா?

நல்லது, நடத்த ஆள் இருந்தால். தோராயக் கணக்கு இது: 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வரை எரிவாயு கிடைக்கும். அது 4 முதல் 5 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். அதாவது தினமும் 100 கிலோ போட்டால், நான்கைந்து நாளைக்கு ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் மிச்சம். கூடவே வெளிவரும் கரைசல் தோட்டத்துக்கு உரம்.

ஆனால் திறப்பு விழா நடந்து ஓர் ஆண்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் கலன்களை நிறைய வளாகங்களில் பார்க்கலாம். காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பால் பாக்கெட், ரப்பர் பேண்ட், எலும்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்து போவது. ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கொட்டுவது. எண்ணெய் மிகுந்த கழிவைச் சேர்ப்பது. உள்ளே அமிலத்தன்மை கூடினால் எரிவாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செயலிழந்துவிடும். பிறகு நாற்றம் வரும், விடுதிக்காரர்கள் புகார் செய்வார்கள், மூடிவிடுவார்கள். கலன் வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்து, அவருக்குச் சம்பளமும் பயிற்சியும் ஒதுக்க முடியாதென்றால் கலனே வாங்காதீர்கள். அருகில் பன்றி வளர்ப்பவரோ மாட்டுப் பண்ணைக்காரரோ இருந்தால், சுத்தமாகப் பிரித்த கழிவை அவருக்குக் கொடுப்பது இன்னும் நல்ல வழி.

கழிவைப் பிரிப்பது சட்டப்படி கட்டாயமா?

ஆம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று வகைப்படுத்தின. ஒரு விடுதி மெஸ்ஸே அந்த அளவைத் தாண்டிவிடும். குப்பை உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பதுதான் அந்த விதிகளின் சாரம்.

பிளாஸ்டிக் தடை இருந்தும் கேன்டீனில் பேப்பர் கப் ஓடுகிறதே?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கோப்பையும் அந்தப் பட்டியலில் அடக்கம். பேப்பர் என்று பெயர் இருப்பதால் பலர் அதை நல்லது என்றே நம்புகிறார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சூடான டீ கோப்பையில் நிற்காது.

கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் அல்லது கண்ணாடி கிளாஸ் கேளுங்கள். கழுவ ஒரு ஆள் கூடுதலாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அது நியாயமான கோரிக்கை. அந்தச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது.

கேன்டீனைவிடக் கருத்தரங்குகள்தான் எனக்குப் பெரிய கவலை. இரண்டு நாள் மாநாடு ஒன்றில் எத்தனை சிறிய தண்ணீர் பாட்டில், எத்தனை பிளாஸ்டிக் கோப்புறை, எத்தனை ஃபிளெக்ஸ் பேனர்! துறைகள் நிகழ்ச்சிக்கு நிதி கேட்கும் படிவத்திலேயே 'தண்ணீர் கேன், டம்ளர், துணிப் பதாகை' என்று நிபந்தனை சேர்த்துவிட்டால், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரும் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

சூரிய மின்சாரம் போடலாமா, மின்விசிறிகளை மாற்றலாமா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

மின்விசிறி. பழைய மின்விசிறி ஒன்று 70 முதல் 80 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் உள்ள புதியது 30 வாட் சுற்றுவட்டத்தில் அதே காற்றைத் தரும். ஒன்றுக்கு 45 வாட் மிச்சம் என்று வையுங்கள். ஆயிரம் விசிறிகள், தினம் பத்து மணி நேரம் ஓடினால், நாளொன்றுக்கு 450 யூனிட் சேமிப்பு. அதே அளவு மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வேண்டுமென்றால் நம் ஊர் வெயிலில் 100 கிலோவாட்டுக்கும் சற்று அதிகமான அமைப்பு தேவை. அதற்கு நிழல் விழாத மொட்டைமாடி 10,000 சதுர அடிக்கு மேல் வேண்டும். ஆயிரம் விசிறிகளின் விலை பொதுவாக அந்தச் சூரிய அமைப்பின் விலையைவிடக் குறைவு. விடுதி அறைகளில் விசிறி பத்து மணி நேரத்துக்கு மேலேயே ஓடும், எனவே அங்கிருந்து தொடங்குங்கள்.

நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மேலே சொன்ன 450 யூனிட் என்றால் நாளொன்றுக்கு 300 கிலோவுக்கு மேல். தேவையை இப்படிக் குறைத்த பிறகு சூரிய அமைப்பு போட்டால், சின்ன அமைப்பே பெரிய பங்கை நிரப்பும்.

ஏ.சி. விஷயத்தில்?

24 டிகிரியில் வையுங்கள். 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.கள் அந்த அளவில்தான் தானாகத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் ஆணையத்தின் கணக்கு. 18-ல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களில் இந்தத் தாளை ஒட்டுங்கள்.

தண்ணீருக்கு என்ன வழி?

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, விடுதிகளும் கல்லூரிகளும் லாரிக்குக் காத்திருந்தன. அதற்கு நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பெய்யும் சில வாரங்களில் பிடித்து வைப்பதைத்தான் மற்ற மாதங்களில் குடிக்கப் போகிறோம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள ஒரு கட்டடத்தில் 14 லட்சம் லிட்டர் விழுகிறது. ஆவியாவது, சிந்துவது போக 11 லட்சம் லிட்டராவது பிடிக்கலாம். மதுரைப் பக்கம் இதைவிடக் குறைவு, ஆனாலும் லட்சக்கணக்கில் வரும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே குழாய் பெரும்பாலும் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. செப்டம்பரில் ஒருநாள் மாடியில் சருகு அள்ளி, வடிகட்டியின் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டு, குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது கசிவுக் குழிக்குப் போகாமல் சாக்கடைக்குப் போனால் உடனே தெரிந்துவிடும்.

அன்றாடச் செலவில் முதலில் பார்க்க வேண்டியது ஒழுகும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டினால் நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையாது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவது அதைவிட மோசம். தானாக நிற்கும் மிதவை வால்வு போட்டால் தீர்ந்தது. ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. அதை ஒரு தொட்டியில் பிடித்துத் தரை கழுவலாம், கழிவறைக்கு விடலாம். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதிலிருந்து வரும் நீரைத் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் கொண்டுபோகத் தனிக் குழாய் வேண்டும். புதுக் கட்டடம் எழும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், கட்டிய பிறகு சுவரை உடைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இலைச்சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். தடுக்க முடியுமா?

எரிப்பவரிடம் சண்டை போடாதீர்கள். 'காலையில் எட்டு மணிக்குள் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று அவருக்கு உத்தரவு, அள்ளிக் கொண்டுபோக வண்டி கிடையாது, கொட்ட இடமும் இல்லை. கம்பி வலையை வட்டமாகச் சுற்றி வளாகத்தின் நான்கு மூலைகளில் நிறுத்தி, சருகை அதில் போடச் சொல்லுங்கள். சருகு மட்டும் போட்டால் மக்க நாளாகும். பச்சைப் புல், காய்கறிக் கழிவு, சாணக் கரைசல் கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டினால் சில மாதங்களில் உரம் தயார். மரத்தடியில் விழும் சருகை அங்கேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது. மண் காயாது, மரத்துக்கும் அதுதான் சாப்பாடு.

மாணவியர் விடுதியில் நாப்கின் கழிவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

பேச வேண்டும். பேசாததால் அது கழிவறைக் குழாயில் போய் அடைக்கிறது, பிறகு ஒரு தொழிலாளி கையால் எடுக்கிறார். ஒவ்வொரு குளியலறையிலும் மூடியுள்ள தொட்டி, சுற்றிப் போடக் காகிதம், தினமும் தனியாக எடுத்துச் செல்லும் ஏற்பாடு, எடுப்பவருக்குக் கையுறை. இவை அடிப்படை. விடுதிகளில் வைக்கும் சின்ன எரிப்பான்கள் பலவற்றில் போதிய வெப்பம் எழுவதில்லை, பிளாஸ்டிக் புகைதான் வருகிறது. வாங்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலுக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். மாதவிடாய்க் கோப்பை, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் பற்றி மருத்துவரை அழைத்து ஒரு கூட்டம் நடத்தலாம். விருப்பமுள்ளவர் மாறட்டும், யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

ஆய்வகக் கழிவு, பழைய கணினிகள்?

ரசாயனக் கரைப்பான்களை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றுவது கூடாது. குளோரின் போன்ற ஹாலஜன் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து, பெயர் எழுதிய கேன்களில் சேர்த்து, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். இளநிலைப் பரிசோதனைகளைச் சிறு அளவில் செய்யும்படி மாற்றினால் ரசாயனச் செலவும் குறையும். கணினி, யு.பி.எஸ். பேட்டரி, பாதரசம் உள்ள குழல் விளக்கு ஆகியவற்றைக் காயலான் கடைக்கு ஏலம் விடுவது பழைய பழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மின்னணுக் கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். பேட்டரிக்கென்று 2022-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன.

நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீட்டுக்காகத்தான் எல்லாம் நடக்கிறது என்று தோன்றுகிறது. அதனால் பயன் உண்டா?

உண்டு, பயன்படுத்தத் தெரிந்தால். நாக் அளவுகோல்களில் பசுமைத் தணிக்கை, அதாவது வளாகத்தின் சுற்றுச்சூழல் நிலையைச் சரிபார்ப்பது, இடம்பெற்றதால்தான் பல நிர்வாகங்கள் அந்தச் சொல்லையே முதலில் கேட்டன. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் நடத்தும், பல்கலைக்கழகங்களின் பசுமையை மதிப்பிடும் கிரீன்மெட்ரிக் தரவரிசையும் அப்படியே. தணிக்கை அறிக்கையை நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். போன அறிக்கையில் செய்வோம் என்று சொன்னதில் எது நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் போய்விடுகிறார்கள். வேலை எப்படித் தொடரும்?

வளாகத்தில் முப்பது வருடம் இருப்பவர்கள் தோட்டக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தூய்மைப் பணியாளர், மெஸ் மாஸ்டர். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எந்த வால்வு ஒழுகும், எந்த விடுதியில் குப்பை கலந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பசுமைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைக்கிற வளாகங்கள் மிகக் குறைவு. இதை மாற்றாமல் எதுவும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம். கூட்டத்தை அவர்கள் பணி நேரத்திலேயே வையுங்கள். அண்ணன், அக்கா என்று கூப்பிட்டால் மட்டும் போதாது, அவர்கள் சொன்னதை அறிக்கையில் எழுதுங்கள். பிரித்த காகிதம், அட்டை, பாட்டில் விற்ற பணம் அவர்களுக்கே போகட்டும். ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் கையுறை, காலணி, தடுப்பூசி யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

மாணவர் பக்கம், இரண்டாம் ஆண்டு படிப்பவரைத்தான் பொறுப்பாளராக வைக்க வேண்டும். இறுதி ஆண்டில் வேலைவாய்ப்பு நேர்காணலுக்கே நேரம் போய்விடும்.

நிர்வாகம் 'நிதி இல்லை' என்கிறது. என்ன செய்வது?

வளாகம் முழுவதுக்கும் கேட்காமல் ஒரே ஒரு விடுதியைக் கேளுங்கள். அதற்குத் துணை மீட்டர், விசிறி மாற்றம், குழாய்ப் பழுது மூன்றும் போதும். ஆறு மாதம் கழித்து அதன் ரசீதையும் பக்கத்து விடுதியின் ரசீதையும் சேர்த்து நிதி அலுவலரிடம் கொடுங்கள். மிச்சமாகும் தொகையை அடுத்த விடுதிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது பொதுக் கணக்கில் கலந்து காணாமல் போகும்.

கோடை விடுமுறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆள் இல்லாத விடுதிகளில் தண்ணீர்க் குளிரூட்டி, கீசர், ஆர்.ஓ. எந்திரம், நடைபாதை விளக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். மாடிக்கு மாடி போய் அணைக்க ஒருவர் பெயரைக் குறித்துவிடுங்கள். தங்கியிருக்கும் சிலரை ஒரே கட்டடத்துக்கு மாற்ற முடிந்தால் மற்றவற்றின் இணைப்பையே நிறுத்தலாம். பயோகாஸ் கலனுக்குத் தினமும் கொஞ்சமாவது தீனி வேண்டும், மெஸ் மூடினால் பக்கத்துச் சந்தையின் காய்கறிக் கழிவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். போன பருவத்தில் நட்ட கன்றுகளுக்கு மே மாதத்தில் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பதை ஏப்ரலிலேயே எழுதி, தோட்டக்காரரிடம் ஒரு நகல், காப்பாளரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.